வேன் டிரைவர் மீது புகார்: பள்ளி யாரிடம் சொல்ல வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும்?

செம்மண்டலம் டீச்சர்

வணக்கம். கடலூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, யாரும் ஊகிக்கவும் வேண்டாம்.

ஸ்டாஃப் மீட்டிங்கில் தாளாளர் ஒன்று சொன்னார். "பிள்ளைகள் விஷயமாக எந்தப் புகார் வந்தாலும் முதலில் என்னிடம் வர வேண்டும். நாமே விசாரித்து, உண்மை என்று தெரிந்தால் மேலே பார்க்கலாம். எழுத்தில் எதுவும் வேண்டாம், வாயால் சொன்னால் போதும்." எல்லாரும் தலையாட்டினார்கள்.

அப்புறம்தான் ஒரு சக ஆசிரியை தனியே அழைத்துச் சொன்னார். நான் இங்கே சேர்வதற்கு முந்தைய கல்வியாண்டில் பள்ளி வேன் டிரைவர் ஒருவர் மீது ஒரு சிறுமி புகார் சொல்லியிருக்கிறாள். பெற்றோரை அழைத்துப் பேசிச் சமாதானம் செய்து, டிரைவரை நிறுத்திவிட்டார்கள். பள்ளியில் அதைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. அந்த டிரைவர் இப்போது வேறொரு பள்ளிக்கு வேன் ஓட்டுகிறாராம்.

என் கேள்விகள்: பள்ளி இப்படி முடித்துக்கொள்ளலாமா? இப்போது என் காதுக்கு வந்துவிட்டதே, எனக்கு ஏதாவது கடமை உண்டா? எங்கள் பிள்ளைகளில் பலர் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். எந்த ஊர் ஸ்டேஷன்?

பாகூர் அப்பா

ஒரு பள்ளியில் நிறுத்தப்பட்டவன் அடுத்த பள்ளியில் ஓட்டுகிறான் என்று படித்ததும் வயிறு கலங்கிவிட்டது டீச்சர். என் மகளும் வேனில்தான் போகிறாள். எந்தப் பள்ளி என்றாவது சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர்

பாகூர் அப்பா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் இந்த இழையில் பள்ளி, தெரு, வகுப்பு, ஊர் எதையும் யாரும் கேட்க வேண்டாம், சொல்லவும் வேண்டாம். குழந்தை யார் என்று அடையாளம் தெரியும்படி வெளியிடுவது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 23-ஆம் பிரிவின்படி குற்றம். பெயரும் படமும் மட்டுமல்ல, பள்ளியும் அக்கம்பக்கமும் கூட அதில் சேரும். மீறினால் பதிவை நீக்குவேன்.

கோர்ட் வராண்டா

கடலூர் நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கிறேன். உங்கள் கேள்விகளுக்கு வரிசையாக வருகிறேன் டீச்சர்.

பள்ளி முடித்துக்கொள்ள முடியாது. 2012-இல் இயற்றப்பட்டு அந்த ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, எவராயினும் சிறப்பு சிறார் காவல் பிரிவிடமோ உள்ளூர் போலீசிடமோ தெரிவித்தே ஆக வேண்டும். "எவராயினும்" என்பதில் ஆசிரியர், ஆயா, கிளார்க், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் அடக்கம். தாளாளரிடம் சொல்லிவிட்டேன் என்பது இந்தப் பிரிவின்படி தகவல் கொடுத்ததாக ஆகாது. சட்டம் காட்டும் இடம் காவல்துறை.

சொல்லாவிட்டால் என்ன? 21-ஆம் பிரிவு. சாதாரணமாக ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும். உங்கள் தாளாளர் இந்த இரண்டாவது வகை. தகவல் வந்த பிறகும் பதிவு செய்யாத போலீசுக்கும் இதே பிரிவில்தான் தண்டனை. பலருக்கு இது தெரியாது.

ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டம் என்றும் நினைக்க வேண்டாம். 2021 நவம்பரில் கோவையில் ஒரு மாணவி இறந்த வழக்கில், விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்று பள்ளி முதல்வரைக் கைது செய்தார்கள். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம் நடந்த தனியார் பள்ளியில், மாணவி சொன்னதை மூடி மறைத்ததாகத் தாளாளரும் முதல்வருமே கைதானார்கள்.

உங்கள் கடமையைப் பற்றி: நீங்கள் நேரில் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான். ஆனால் அந்த ஆள் இன்னமும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறான். நடக்கக்கூடும் என்ற அச்சத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பழைய சம்பவம் என்பதும் தடையாகாது. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது என்று 19-ஆம் பிரிவின் ஏழாவது உட்பிரிவே பாதுகாப்பு தருகிறது. இதைச் சக ஆசிரியையிடமும் சொல்லுங்கள். அவருக்கும் அதே கடமைதான்.

ஓய்வு பெற்ற ஹெச்.எம்.

வக்கீல் தம்பி சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் அனுபவத்தைச் சொல்கிறேன். அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் தலைமை ஆசிரியராக இருந்தவன். ஆசிரியர்களுக்குள் கோஷ்டி இருக்கும். மார்க் குறைந்ததற்குக் கோபப்பட்ட பெற்றோர் இருப்பார்கள். ஊர்ச் சாதிப் பகை பள்ளிக்கூடத்துக்குள் வரும். இதையெல்லாம் பார்க்காமல் ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடினால், ஒரு அப்பாவி ஆசிரியனின் பெயர் அன்று மாலைக்குள் வாட்ஸப்பில் நாறிப்போகும். பிறகு விடுதலையானாலும் அந்தப் பெயர் திரும்பி வராது. குறைந்தபட்ச விசாரணையாவது பள்ளி செய்ய வேண்டும் என்பது என் கட்சி. தாளாளர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

கோர்ட் வராண்டா

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. தெரிந்தே, கெட்ட நோக்கத்தோடு பொய்ப் புகார் கொடுப்பவருக்கு 22-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. (குழந்தைக்கு மட்டும் கிடையாது.) ஆனால் பொய்யா மெய்யா என்று பிரித்துப் பார்ப்பது புலனாய்வு அதிகாரியின் வேலை. பள்ளி அதைக் கையில் எடுத்தால் என்ன ஆகிறது என்று நான் பார்த்த வழக்குக் கட்டுகளிலிருந்து சொல்கிறேன். வகுப்பு ஆசிரியர் கேட்பார், பிறகு ஹெச்.எம்., பிறகு தாளாளர், பிறகு அவர் மனைவி, கடைசியில் குற்றம் சாட்டப்பட்டவரையே எதிரில் உட்காரவைத்து "இவரா? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்பார்கள். ஐந்தாவது முறை கேட்கும்போது குழந்தை பயத்தில் ஏதாவது மாற்றிச் சொல்லும். அந்த மாற்றத்தைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொள்வார். எதிர்த்தரப்பில் நான் இருந்தாலும் பிடித்துக்கொள்வேன்.

அப்பாவி ஆசிரியருக்கும் அந்த விசாரணையால் லாபம் இல்லை. "பள்ளிக்கூடம் தன் ஆளைக் காப்பாற்ற மூடிவிட்டது" என்ற பேச்சு ஆயுசுக்கும் நிற்கும். அன்றைக்கே தேதி போட்டு எழுதிய ஒரு பக்கம் இருந்தால், உண்மையில் சொல்லப்பட்டது என்ன, ஊரார் பிற்பாடு சேர்த்தது என்ன என்று பிரிக்க முடியும்.

உச்ச நீதிமன்றம் 2013-லேயே, சங்கர் கிசன்ராவ் காடே வழக்கில், பள்ளிகளின் பொறுப்பில் இருப்பவர்கள் இப்படி ஏதும் தெரியவந்தால் அதை ரகசியமாக வைத்து, அருகிலுள்ள சிறார் காவல் பிரிவுக்கோ போலீசுக்கோ தெரிவிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2022 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி விடுதி. அங்கிருந்த சிறுமிகளுக்குச் சிகிச்சை தந்த மருத்துவர், பிள்ளைகள் சொல்லியும் போலீசுக்குச் சொல்லவில்லை. அவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து, தெரிந்தும் சொல்லாதிருப்பது கடுமையான குற்றம், பெரும்பாலும் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சியே என்றது.

பெற்றோரோடு பேசிச் சமாதானம் என்கிறார்களே, அதற்கும் பதில் இருக்கிறது. ராஜஸ்தானில் ஒரு ஆசிரியர் மீதான புகாரில் மாணவியின் தந்தை சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார், உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லி வழக்கை மறுபடி நடத்த உத்தரவிட்டது. தகப்பன் மன்னித்துவிட்டார் என்பதால் இந்தக் குற்றம் தீர்ந்துபோகாது.

லாஸ்பேட்டை கவுன்சலர்

புதுச்சேரியில் பள்ளிகளோடு வேலை செய்யும் மனநல ஆலோசகர் நான். ஹெச்.எம். ஐயா கேட்கும் "குறைந்தபட்சம்" ஒன்று இருக்கிறது. நாங்கள் ஆசிரியர்களுக்குச் சொல்லித் தருவது: கேள், எழுது, சொல். விசாரிப்பது அதில் இல்லை.

குழந்தை சொல்லும்போது முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல் கேட்க வேண்டும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்பது சரியான கேள்வி. "அவர் இங்கே தொட்டாரா?" என்பது தவறான கேள்வி, பதிலை நாமே ஊட்டிவிடுகிறோம். "ஏன் அப்பவே சொல்லல?" என்பது எல்லாவற்றிலும் மோசம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுக்கக் கூடாது, ஏனென்றால் சொல்லத்தான் போகிறீர்கள். "உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லலாம். அது உண்மையும் கூட.

எழுதுவதில்தான் பெரும்பாலான பள்ளிகள் கோட்டை விடுகின்றன. நான் பார்க்கும் புகார் நோட்டுகளில் இப்படி இருக்கும்: "மாணவி ஒருவரிடம் ஓட்டுநர் தவறாக நடந்துகொண்டதாகத் தெரியவந்தது. அறிவுரை வழங்கப்பட்டது." யாருக்கு அறிவுரை? யார் சொன்னார்கள்? எந்தத் தேதி? என்ன நடந்தது? ஒன்றும் இல்லை. இப்படி ஒரு குறிப்பு இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

குழந்தை சொன்னது குழந்தையின் சொற்களிலேயே, மேற்கோளுக்குள் இருக்க வேண்டும். "வேன் மாமா கடைசி சீட்டுல என்ன உக்கார வெச்சு…" என்று அவள் சொன்னால் அப்படியே. அவள் ஒரு உறுப்புக்கு வீட்டில் பழகிய பெயரைச் சொன்னால் அதையே எழுதுங்கள், பாடப்புத்தகச் சொல்லாக மாற்றாதீர்கள். ஆசிரியர் கண்ணால் பார்த்தது (அழுதாள், வேனில் ஏற மறுத்தாள், சாப்பிடவில்லை) தனியாக. ஆசிரியரின் ஊகம் எழுதவே வேண்டாம். எந்த நாள், எத்தனை மணி, எந்த அறை, கூட யார் இருந்தார்கள். பிறகு: போலீசுக்கு எத்தனை மணிக்கு, யார் வழியாக, எந்த அதிகாரியிடம் சொன்னோம். கீழே எழுதியவரின் கையெழுத்து. பின்னால் அடித்துத் திருத்தக் கூடாது. விட்டுப்போனது நினைவுக்கு வந்தால் அன்றைய தேதியில் புதுக் குறிப்பு.

குழந்தையிடம் கையெழுத்து வாங்குகிற பள்ளிகளும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வாக்குமூலம் வாங்குவது போலீசின் வேலை. அதையும் குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும் என்கிறது 24-ஆம் பிரிவு. போலீஸ் ஜீப் பள்ளி வாசலில் நிற்குமே என்று பயப்படும் நிர்வாகத்துக்கு இதைச் சொல்லுங்கள், பாதிப் பயம் போய்விடும்.

ஆபீஸ் ரூம்

நான் பள்ளி எழுத்தர். கவுன்சலர் மேடம் சொன்ன குறிப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதையும் பேச வேண்டும். வருகைப் பதிவேட்டின் ஓரத்திலோ, எல்லாரும் புரட்டும் பொது நோட்டிலோ எழுதவே கூடாது. தனி உறை, பூட்டிய அலமாரி, திறந்தது யார் எப்போது என்று ஒரு சீட்டு. வெளி ஏட்டில் எண் மட்டும். மாற்றுச் சான்றிதழிலோ நடத்தைச் சான்றிதழிலோ இதன் வாடையே அடிக்கக் கூடாது. பாதிக்கப்பட்ட பிள்ளையையே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது, அது வேறு கதை.

புகார்க் குறிப்பு மட்டும் பதிவேடு அல்ல. கேஸ் என்று வந்தால் முதலில் எங்களிடம் வருவது வயதுச் சான்று கேட்டுத்தான். சிறார் நீதிச் சட்டம் 94-ஆம் பிரிவில் முதலில் இருப்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். 2023 ஜூலையில் யுவபிரகாஷ் என்ற தமிழ்நாட்டு வழக்கில், டி.சி.யும் சேர்க்கைப் பதிவேட்டின் நகலும் அந்தப் பிரிவு கேட்கும் ஆவணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, போக்சோ தண்டனையே ரத்தானது. எல்.கே.ஜி. அட்மிஷனில் "ஜூன் 1-ன்னு போட்டுக்குங்க சார்" என்று பெற்றோர் சொன்னதை எழுதிவைக்கும் பழக்கம் எங்கள் ஊரில் இன்னமும் இருக்கிறது. நகராட்சிப் பிறப்புச் சான்றிதழைப் பார்க்காமல் தேதி எழுதக் கூடாது.

டிரைவர் விஷயம்: 2020-இல் வந்த போக்சோ விதிகளின்படி குழந்தைகளோடு பழகும் எந்த நிறுவனமும் ஊழியர்களைப் போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும், அதுவும் அவ்வப்போது. ஆசிரியர், ஆசிரியர் அல்லாதவர், நிரந்தரம், ஒப்பந்தம் எல்லாம் ஒன்றுதான். "வேன் கான்ட்ராக்ட் வெளி ஆளுடையது" என்பது சால்ஜாப்பு. ஆனால் ஒன்று கேட்கிறேன்: முந்தைய பள்ளி போலீசுக்கே சொல்லாதபோது போலீஸ் சரிபார்ப்பில் என்ன வரும்? "வழக்கு ஏதும் இல்லை" என்றுதான் வரும். அந்த இரண்டாவது பள்ளி விதிப்படியே எல்லாம் செய்திருக்கலாம்.

பாகூர் அப்பா

இந்தக் கடைசி வரிதான் என்னை உலுக்குகிறது. அப்படியானால் என் மகள் பள்ளி காட்டும் சரிபார்ப்புக் காகிதத்துக்கு என்ன மதிப்பு?

முள்ளோடை

எல்லைக் கேள்விக்கு யாரும் வரவில்லையே. நான் வருகிறேன். எங்கள் பகுதியில் பிள்ளையின் வீடு ரெட்டிச்சாவடிப் பக்கம், பள்ளி கன்னியக்கோயில் பக்கம். அல்லது நேர்மாறாக. வேன் ஒரே நடையில் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் நாலு முறை போய் வரும். எந்த இடத்தில் நடந்தது என்று குழந்தை எப்படிச் சொல்லும்? "அது எங்க லிமிட் இல்லம்மா, அந்தப் பக்கம் போங்க" என்பார்கள். ஒரு குவார்ட்டர் பாட்டிலுடன் தாண்டினால் மட்டும் லிமிட் துல்லியமாகத் தெரியும்.

கோர்ட் வராண்டா

அப்படித் திருப்பி அனுப்ப முடியாது அண்ணே. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டம் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த இடத்தில் நடந்திருந்தாலும் தகவல் தரலாம் என்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று பழக்கத்தில் சொல்வது அதுதான். கடலூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்தாலும் வாங்கிப் பதிந்து, எல்லைக்குரிய நிலையத்துக்கு அவர்கள்தான் மாற்ற வேண்டும். தகவல் தந்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிவான 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் போலீஸ் தெரிவிக்க வேண்டும். குழு அந்தக் குடும்பத்துக்குத் துணையாக ஒரு ஆதரவு நபரை அமர்த்தலாம். ஸ்டேஷன் என்றாலே தயக்கமாக இருப்பவர்கள் குழந்தைகள் உதவி எண் 1098-இல் தொடங்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-உம் இருக்கிறது.

பிளஸ் ஒன் வாத்தியார்

எல்லாரும் சின்னப் பிள்ளைகளை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். என் வகுப்பில் பதினாறு, பதினேழு வயது. பஸ் ஸ்டாண்டில் தொடங்கும் காதல். ஒரு மாணவி நம்பி என்னிடம் வந்து சொன்னால், 18 வயது ஆகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பையனை நான் சிறைக்கு அனுப்ப வேண்டுமா? அதற்கப்புறம் எந்தப் பிள்ளை என்னிடம் பேசும்? உண்மையில் துன்பப்படுகிற பிள்ளை கூடப் பேசாது.

கோர்ட் வராண்டா

சட்டத்தில் அதற்கு விலக்கு இல்லை சார். இருப்பதாகச் சொல்லி உங்களைச் சிக்கலில் விட எனக்கு மனமில்லை. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒரு வழக்கை ரத்து செய்து, இளவயதுக் காதலில் விழுந்த பையன்களைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்ற பொருளில் சொன்னது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் தரும் தகவலில் அவள் அடையாளம் தேவையில்லை என்றது. அது மருத்துவர்களுக்கு. ஆசிரியர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. சட்டம் மாற வேண்டும் என்று நானும் நினைக்கிறேன்.

லாஸ்பேட்டை கவுன்சலர்

நான் வக்கீலோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. பதினேழு வயதுப் பெண் "காதல்" என்று சொல்லும் ஆள் முப்பது வயது டியூஷன் மாஸ்டராக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். விலக்கு வந்தால் முதலில் அதற்குள் ஒளிந்துகொள்வது அவர்கள்தான்.

ஓய்வு பெற்ற ஹெச்.எம்.

வாத்தியார் சொன்னது என் பேத்தி வயது விஷயம், அதில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. டிரைவர் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். எழுதி வைத்தால் அப்பாவி ஆசிரியனுக்கும் காப்பு என்று தம்பி சொன்னது யோசிக்கவைத்தது. போலீஸ் நேர்மையாக விசாரிக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இன்னும் அரைகுறைதான். அதற்காகத் தாளாளர் வீட்டு ஹாலில் விசாரணை நடக்கட்டும் என்று சொல்ல மாட்டேன். இன்னொன்று: சில பள்ளிகள் பிள்ளைகளின் புகாரைப் பெண் ஊழியர்களுக்கான உள் புகார்க் குழுவுக்கு அனுப்பிவிட்டு, சட்டப்படி செய்துவிட்டோம் என்கின்றன. அது 2013 சட்டத்தின்படி வேலை செய்யும் பெண்களுக்கான குழு. "மாணவர் மனசு" என்ற புகார்ப் பெட்டி வைத்த பள்ளிகளிலும் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று பாருங்கள்.

ஆபீஸ் ரூம்

சி.சி.டி.வி. பற்றிச் சொல்ல விட்டுப்போனது. பதிவு சில வாரங்களில் தானாக அழிந்து மேலே எழுதிக்கொள்ளும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு 2025-இல் வந்த விதிப்படியே குறைந்தது 15 நாள் சேமிப்புதான். புதுச்சேரி அரசுப் பள்ளிகளும் இப்போது சி.பி.எஸ்.இ. என்பதால் சொல்கிறேன். புகார் வந்த அன்றே அந்த நாட்களின் பதிவைத் தனியே எடுத்து வையுங்கள். யாருக்கும் போட்டுக் காட்டாதீர்கள், ஃபோனில் நகலெடுக்கவும் விடாதீர்கள். வேனின் அன்றாட ஏறு இறங்கு பட்டியலும் முக்கியம். யார் கடைசியில் இறங்கினாள் என்பது அதில்தான் இருக்கும்.

செம்மண்டலம் டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. நானும் அந்தச் சக ஆசிரியையும் சேர்ந்தே போய் எழுத்தில் கொடுத்துவிட்டோம். எங்கே, எப்போது என்று எழுதவில்லை, மட்டுறுத்துநர் மன்னிக்க வேண்டியதில்லை. வாங்கிய அதிகாரி எழுதியதைப் படித்துக் காட்டினார், புகாரின் எண்ணும் தன் தொலைபேசி எண்ணும் கொடுத்தார். அந்த மற்றப் பள்ளிக்கு நாங்களே ஃபோன் செய்யலாமா என்று கேட்டோம். வேண்டாம், அதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்றார்.

இன்று காலை தாளாளர் அழைத்தார். நாங்கள் கொடுத்த மனுவின் நகலை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டுமாம், இனி நிர்வாக அனுமதி இல்லாமல் எங்கும் போக மாட்டோம் என்று எழுதியும் தர வேண்டுமாம். தரவா?

கோர்ட் வராண்டா

இரண்டையும் தராதீர்கள் டீச்சர். நகலில் குழந்தையின் விவரம் இருக்கிறது, அது அலுவலக மேஜைக்குப் போகக் கூடாது. இரண்டாவது காகிதம், சட்டம் உங்கள் மேல் வைத்த கடமையைச் செய்ய மாட்டேன் என்று எழுதித் தருவது. அவர் கேட்டதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். எழுத்தில் வந்தால் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். வராவிட்டால் இன்றைய தேதி போட்டு, அவர் சொன்ன சொற்களையே எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வீட்டில் வையுங்கள்.